மே மாதத்துப் பகலை என்ன செய்வது?

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று யாருக்கும் போரடிப்பதில்லை. அடுத்த ஒரு வாரமும் எப்படியோ ஓடிவிடும். விடிந்து வெகுநேரம் கழித்து எழலாம், சாயங்காலம் கிரிக்கெட் ஆடலாம், மாமா வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம். அதற்குப் பிறகுதான் சிக்கல். மே 4 வாக்கில் கத்திரி பிறக்கும். 28 வரை விடாது. திருவண்ணாமலையில் அந்த நாட்களின் உக்கிரமே தனி. ஊரை ஒட்டி நிற்பது 2,668 அடி உயரப் பாறை. பகலெல்லாம் வாங்கி வைத்த வெயிலை அது ராத்திரியில் திருப்பிக் கொடுக்கும். காலை பத்து மணி தாண்டினால் தேரடி வீதியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கோயிலில் அண்ணாமலையாருக்கே தாராபிஷேகம் தொடங்கியிருக்கும். லிங்கத்துக்கு மேலே பாத்திரம் கட்டி, பகல் முழுக்கத் தண்ணீர் சொட்டும்படி செய்வார்கள். பள்ளி திறக்க ஜூன் வரவேண்டும். கூட்டாளிகளில் பாதிப் பேர் பாட்டி ஊருக்குப் போயாயிற்று. அம்மாவும் அப்பாவும் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் நீங்கள், ஒரு மின்விசிறி, ஒரு போன்.

அந்த நாட்களுக்காக எழுதியது இந்த அத்தியாயம். 13 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்களை, திருவண்ணாமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் வசிப்பவர்களை மனதில் வைத்திருக்கிறேன். காசு கட்டிச் சேரும் கோடை முகாம்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. சொல்லப் போகும் பெரும்பாலானவற்றுக்குப் பஸ் கட்டணம் போதும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். லீவு விட்டால் அப்பாவின் கடையில் நிற்பவர்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருப்பவர்கள் பலர். அவர்களுக்குப் பகல் போதாமல்தான் இருக்கும். இரவைப் பற்றி எழுதியிருக்கும் பகுதி அவர்களுக்கும் உரியது.

போரடிப்பது ஏன்?

"போரடிக்குது" என்று சொன்னதும் வீட்டில் "சோம்பேறி" என்பார்கள். அது சரியல்ல. சோம்பேறிக்குப் படுத்துக் கிடப்பதே நிறைவாக இருக்கும். கனடாவின் யார்க் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் ஜான் ஈஸ்ட்வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012-ல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக விளக்குகிறது. மனம் எதிலாவது நிறைவாக ஈடுபடத் தவிக்கிறது, ஈடுபட முடியவில்லை. அந்தத் தவிப்புதான் சலிப்பு. ஆக, போரடிக்கிறது என்று சொல்லும் பிள்ளை வேலை கேட்கிற பிள்ளை. பெற்றோர் யாராவது இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால் இந்த ஒரு வரியையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன் இந்தத் தவிப்பைத் தீர்க்குமா? டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கேட்டி டாமும் மைக்கேல் இன்ஸ்லிச்டும் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. பல காணொளிகளுக்கு நடுவே இஷ்டப்படி தாவ விட்டபோதும், ஒரே காணொளியைத் தள்ளித் தள்ளிப் பார்க்க விட்டபோதும் பார்த்தவர்களுக்குச் சலிப்பு கூடியது. ஒன்றை நிறுத்தாமல் முழுதாகப் பார்த்தபோது சலிப்பு குறைந்தது. சலிப்புக்கு பயந்து தாவுகிறோம், தாவுவதாலேயே சலிப்பு வளர்கிறது. போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ரீல்ஸில் போகும் இரண்டு மணி நேரத்தில் ஒரு முழுப் படத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை பாருங்கள். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் வேறென்ன செய்வது? 'விடுமுறையில் செய்ய 50 வேலைகள்' என்ற பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றால் பெரும்பாலும் பயனில்லை. ஓரிகாமி செய்யாவிட்டால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அதனால் மூன்றாம் நாள் அது நின்றுவிடும். பள்ளியில் பாடம் பிடிக்காத நாளிலும் பொழுது நகர்கிறது. மணி அடிக்கிறது, உங்கள் இடம் காலியாக இருந்தால் டீச்சர் கேட்கிறார். லீவில் இல்லாமல் போவது அதுதான். எனவே நீங்கள் தேட வேண்டியது, நீங்கள் வராவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று யாராவது கேட்கும் ஓர் இடம். அப்படி ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு ஒரு நேரம் இருக்க வேண்டும், எதிர்பார்க்க ஓர் ஆள் இருக்க வேண்டும். மற்ற நேரம் தானாகவே அதைச் சுற்றி ஒழுங்குக்கு வரும்.

இப்படி எந்தப் பிடிப்பும் இல்லாத பையன்கள் கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஊர் வரலாற்றிலேயே ஒரு காட்சி இருக்கிறது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி 16 வயது வேங்கடராமன் மதுரையிலிருந்து இங்கே வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர். ஆயிரங்கால் மண்டபத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்த அவர்மீது ஊர்ப் பையன்கள் கல்லெறிந்தார்கள். தொல்லை தாங்காமல்தான் அவர் கீழே இருட்டில் இருக்கும் பாதாள லிங்க அறைக்குப் போனார். அப்போது ஊரில் இருந்த துறவி சேஷாத்ரி சுவாமிகள் அந்தப் பையன்களைத் தடுக்கப் பார்த்தும் முடியவில்லை. கெட்ட பிள்ளைகள் என்று அவர்களை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. செய்ய ஒன்றும் இல்லாமல் கூட்டமாக நின்றவர்கள் அவர்கள். எந்தத் தெரு முனையிலும் இன்றைக்கும் அப்படி ஒரு கூட்டம் நிற்கிறது.

விடியற்காலை: மலையைச் சுற்றி

மே மாதத்தில் வெளியே செய்யக்கூடிய எதையும் காலை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு எழ முடிந்தால் பாதி லீவு உங்கள் கைக்கு வந்துவிட்டது.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்திருப்பீர்கள். அப்போது முன்னால் போகிறவரின் முதுகைத் தவிர எதுவும் கண்ணில் பட்டிருக்காது. வெறும் நாள் ஒன்றில், விடியும் முன் கிளம்பி, துண்டு துண்டாக நடந்து பாருங்கள். எட்டு லிங்கங்கள் எட்டுத் திசைக்கு நிற்கின்றன. இந்திர லிங்கம் கிழக்கு, அக்னி தென்கிழக்கு, எமன் தெற்கு, நிருதி தென்மேற்கு, வருணன் மேற்கு, வாயு வடமேற்கு, குபேரன் வடக்கு, ஈசான்யம் வடகிழக்கு. ஊரே ஒரு திசைகாட்டியாக அமைந்திருக்கிறது. மலையும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் வேறு வேறாகத் தெரியும். ராஜகோபுரத்தின் பக்கம் ஒற்றைச் சிகரம். குபேர லிங்கத்தை நெருங்கும்போது ஐந்து முகமாகப் பிரிந்து நிற்கும். பஞ்சமுக தரிசனம் என்று சொல்லி அங்கே நின்று கும்பிடுவார்கள்.

இதை வைத்து ஒரு வேலை. ஒரு ஓவிய நோட்டும் 2பி பென்சிலும் போதும். எட்டு இடத்திலிருந்து எட்டுப் படம், ஒரு நாளைக்கு ஒன்று. வரையத் தெரியாது என்று தயங்க வேண்டாம். மலையின் விளிம்புக் கோட்டை மட்டும் இழுத்தால் போதும், எந்த மேடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று. எட்டும் முடிந்த பிறகு, இதுவரை தினம் பார்த்தும் பார்க்காமல் இருந்த ஒன்றைக் கை அறிந்திருக்கும். ஒரு கூட்டாளியோடு போவது நல்லது. முதல் நாள் இரவே "நாளைக்கு ஐந்தரை, அக்னி லிங்கம்" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் காத்திருப்பார் என்ற ஒரு காரணத்துக்காகவே எழுந்துவிடுவீர்கள்.

மலைமேல் மட்டும் தன்னிச்சையாக ஏற வேண்டாம். உச்சிக்குப் போக வனத்துறையின் தடை இருக்கிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகர் பக்கம் மண் சரிந்து ஏழு பேர் இறந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கோடையில் ஆபத்து வேறு வகை. புல் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். மலையில் புகை கண்டால் அணைக்க ஓடாதீர்கள். வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ உடனே தகவல் சொல்லுங்கள்.

மலைக்கு ஏதாவது செய்ய நினைப்பவர்களுக்கு மே மாதத்தில் ஏற்ற வேலை விதை சேகரிப்பது. சாலையோரப் புங்க மரங்களின் அடியில் காய்ந்த காய்கள் விழுந்து கிடக்கும். ஓட்டைப் பிரித்து விதையை எடுங்கள். எந்தப் பக்குவமும் வேண்டாம், பால் கவரில் மண்ணும் சாணமும் நிரப்பி ஊன்றினால் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். ஐப்பசி மழைக்கு நடும் உயரத்துக்கு வந்துவிடும். வேப்பம்பழம் ஜூனில்தான் உதிரத் தொடங்கும். அதன் விதையைப் பத்திரப்படுத்த முடியாது, எடுத்த சில நாளில் ஊன்றிவிட வேண்டும். 20 பைகள் வைத்தால் போதும். காலை மாலை தண்ணீர் ஊற்ற நீங்கள் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்துவிடும். மலையில் பல ஆண்டுகளாக மரம் நட்டு வளர்த்து வரும் 'தி ஃபாரஸ்ட் வே' அறக்கட்டளையினரிடம் போய், உதவிக்கு வரலாமா என்று கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை.

உச்சிவெயில் நேரம்

பதினொன்றிலிருந்து நான்கு வரை நிழலும் நாற்காலியும் வேண்டும். மாவட்ட மைய நூலகத்தில் இரண்டும் உண்டு. வெறுமனே புரட்டப் போகாதீர்கள், ஒரு நோக்கத்தோடு போங்கள். என் யோசனை இது. கதை சொல்லப் பழகுங்கள். இந்த ஊர்க்காரரான பவா செல்லதுரை மற்றவர்கள் எழுதிய கதைகளைக் கையில் புத்தகம் இல்லாமல், நூற்றுக்கணக்கானவர் முன்னால் மணிக்கணக்கில் சொல்கிறவர். அதற்காகவே பல ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர் சொல்வதை யூடியூபில் ஒரு முறை கேளுங்கள். பிறகு கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையையோ கி. ராஜநாராயணனின் 'கதவு' கதையையோ எடுங்கள். இரண்டிலும் உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள்தான் நாயகர்கள். மூன்று தடவை படியுங்கள். நான்காம் நாள் புத்தகத்தை மூடிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சொல்லுங்கள். எந்த இடத்தில் தங்கை வாயைப் பிளந்து கேட்டாள், எந்த இடத்தில் எழுந்து போனாள் என்று கவனித்தால், கதை எங்கே நிற்கிறது என்பது புரிந்துவிடும். வாரம் ஒரு கதை என்றால் பள்ளி திறப்பதற்குள் ஐந்தாறு கதைகள் உங்களிடம் சேர்ந்திருக்கும்.

இலக்கியத்தில் நாட்டமில்லாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது: டைப்பிங் கிளாஸ். பத்தாவது எழுதிய மே மாதத்தில் உங்கள் சித்தியும் மாமாவும் போன அதே இடம். தினம் ஒரு மணி நேரம், உங்களுக்கென்று ஒரு மிஷின். ஏ எஸ் டி எஃப் என்று இடது கையில் தொடங்கி, பார்க்காமல் அடிக்கும் வரை கொண்டுபோவார்கள். ஆங்கிலத்தில் லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அரசுத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். வேகம் கூடுவது நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரிகிற கலைகள் குறைவு. அதில் இது ஒன்று. பின்னால் அரசு வேலைத் தேர்வு எழுதும்போதும் கைகொடுக்கும்.

விளையாட்டுப் பிள்ளைகள் ஏப்ரல் கடைசியிலேயே மாவட்ட விளையாட்டரங்கில் விசாரித்துவிடுங்கள்; விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி முகாம் அந்த வாக்கில் தொடங்கும். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். அது மூன்றாண்டுப் படிப்பு, ஒரு லீவுக்கான வேலை இல்லை. ஆனால் சேர்க்கை நடப்பது இந்தக் காலத்தில்தான்.

இரவு: பாரதக் கூத்து

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வேறு பல மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது உங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைக்கிறது.

பங்குனி, சித்திரை தொடங்கி ஆனி, ஆடி வரை இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கும். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர், சேத்துப்பட்டு, கலசபாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு கிராமத்தில் கொடி ஏறியிருக்கும். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. பஸ் நிறுத்தத்திலும் டீக்கடைச் சுவரிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸை நின்று படியுங்கள். எந்தத் தேதியில் எந்தக் கட்டம் என்று வரிசையாகப் போட்டிருக்கும்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போரும் படுகளமும் தீமிதியும். அதில் 'நாடகம்' என்று போட்டிருந்தால் கூத்துதான். கிராமத்தில் இரண்டு சொல்லும் ஒன்றே.

முதல் தடவை போகிறவர்களுக்கு அர்ச்சுனன் தபசு ஏற்றது. வானத்தை நோக்கி நட்ட தபசு மரத்தில் வேஷக்காரர் பாடிக்கொண்டே படி படியாக ஏறுவார். உச்சிக்குப் போய் எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் கீழே வீசுவார். பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். நாடகம் எங்கே முடிகிறது, வழிபாடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அழுதுவிடத் தயாராக இருப்பவர்கள் கர்ண மோட்சத்துக்குப் போங்கள்.

கூத்து பத்து மணிக்கு என்றால் நீங்கள் எட்டரைக்கே போய்விட வேண்டும். வேஷம் கட்டும் இடம்தான் முதல் காட்சி. பாயில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியைப் பார்த்தபடி ஒவ்வொருவரும் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வார்கள். கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு. கிரீடமும் புஜக்கட்டையும் மார்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. அது கனமில்லாத மரம், விடிய விடிய ஆடத் தாங்கும். ஓரமாக நின்று பார்க்கலாமா என்று முதலில் கேளுங்கள். அந்த நேரத்தில் போனை நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். "டீ வாங்கிட்டு வரட்டுமா அண்ணே?" என்று கேட்டால் அடுத்த நாள் உங்களை அடையாளம் தெரிந்துவிடும்.

ஆட்டம் தொடங்கியதும் கோமாளி வேஷமான கட்டியக்காரன் வருவார். பிறகு இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். பின்னாலிருந்து வேஷம் பாடும், முதலில் கால் மட்டும் தெரியும், கிரீடத்தின் நுனி தெரியும், முழு ஆளைக் காட்ட நேரம் எடுத்துக்கொள்வார்கள். பாட்டு புரியவில்லையே என்று முதல் மணி நேரத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். பாடியதையே பேச்சிலும் சொல்வார்கள். கட்டியக்காரன் கேலி பேசிக் கேள்வி கேட்டு மறுபடி விளக்க வைப்பார். மத்தளத்துக்கும் முகவீணைக்கும் காது பழகிவிட்டால் இரண்டு மணிக்கு மேல் தூக்கம் வராது. போவதற்கு முன் அன்றைய கட்டத்தின் கதையைப் பாட்டியிடம் கேட்டுவிட்டுப் போவது உத்தமம்.

படுகளம் பகலில் நடக்கும். மண்ணால் மிகப் பெரிய துரியோதனனைப் படுத்த நிலையில் செய்து வைத்திருப்பார்கள். பீமன் தொடையைப் பிளப்பதும் திரௌபதி கூந்தல் முடிவதும் அந்த மண் உருவத்தின் மேல்தான். அதைச் செய்யத் தொடங்கும் நாளில் போனால் மண் குழைக்கவும் தண்ணீர் தூக்கவும் கை தேவைப்படும். விழா நடக்கும் கிராமத்தில் உங்களுக்கு உறவுக்காரர் இருந்தால், விழா முடியும் வரை அங்கேயே தங்கிவிடலாம். பத்து நாளோ பதினெட்டு நாளோ, நாளுக்கு ஒரு கட்டமாக முழுப் பாரதத்தையும் கேட்டு முடித்த பிள்ளைகள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்?

கூத்தைப் பழசு என்று நினைப்பவர்கள் செய்யாறு பக்கத்துப் புரிசை கிராமத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் குடும்பம் தலைமுறைகளாகக் கூத்தாடி வருகிறது. பாரதத்தோடு நிற்காமல், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையும் அவர்கள் கூத்தாக்கினார்கள். பாரீஸின் புகழ்பெற்ற தியேட்ர் து சொலெய் குழு 2016-ல் மேடையேற்றிய, இந்தியாவைப் பற்றிய நாடகத்துக்குக் கூத்துப் பயிற்சி கொடுத்தவர் இந்தக் குடும்பத்துச் சம்பந்தன். உங்கள் ஊர்த் திடலில் ஆடுவது பாரீஸ் மேடையிலும் நிற்கும் கலை.

திருவண்ணாமலை நகரத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்குப் பெரிய கோயிலில் சித்திரை வசந்த உற்சவம் பத்து நாள். இரவில் மகிழ மரத்தருகே சுவாமி வலம் வரும்போது பந்தலில் கட்டிய பொம்மை பூவைக் கொட்டும். கடைசி இரவு மன்மத தகனம். அந்தப் பொம்மையை இயக்குவது எப்படி என்று கூட்டத்தில் நின்று கண்டுபிடிக்கப் பாருங்கள்.

ஒரு கல்லைத் தேடி

உங்கள் பாட்டி ஊரில் வேடியப்பன் கோயில் இருக்கிறதா? செங்கம், தண்டராம்பட்டு பக்கம் என்றால் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே கும்பிடும் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வில்லோ கத்தியோ ஏந்திய வீரன் ஒருவன் செதுக்கியிருந்தால் அது நடுகல். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டு இறந்த ஒருவனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊரார் நட்ட கல்லாக இருக்கலாம். இந்தப் பகுதிக் கற்களைத் தொகுத்து 1972-ல் இரா. நாகசாமி பதிப்பித்த நூலின் பெயரே 'செங்கம் நடுகற்கள்'. அவற்றுள் எடுத்தனூர்க் கல் எனக்கு மிகவும் பிடித்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. இறந்த வீரனோடு அவன் நாயும் அதில் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்வெட்டு பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது. அரசர்களின் பெயரே அழிந்துபோகும் நாட்டில் ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டுகளாக நிற்கிறது.

தேடுவதற்குச் சில குறிப்புகள். காலை ஏழு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ போங்கள். சாய்ந்த வெயிலில் எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழும். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. நிழலில் இருக்கும் கல்லுக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்கக் கூடாது, கல் கெடும். பூசாரியிடம் கேட்டுவிட்டுத்தான் கிட்டப் போக வேண்டும். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எனப் படம் எடுத்து, ஊர்ப் பெயர், கல்லின் உயரம், மக்கள் சொல்லும் கதை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். இந்தப் பக்கத்துப் பழைய கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில் இருக்கும். வட்டெழுத்து அட்டவணை ஒன்றைப் பார்த்து ஒரு வாரம் எழுதிப் பழகினால் சில எழுத்துகளையாவது அடையாளம் காணலாம். புதிதாகத் தோன்றும் எதையும் திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்தினருக்குத் தெரியப்படுத்துங்கள். ஆர்வலர்கள் அப்படித் தேடிக் கண்டெடுத்த கற்கள்தான் நாளிதழ்களில் செய்தியாக வருகின்றன.

செங்கம் வரை போகிறவர்கள் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாமையும் நினைத்துக்கொள்ளலாம். 583 அடிகள் கொண்ட அந்தப் பாட்டு இந்த நாட்டை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது: எந்த வழியில் பன்றிப் பொறி இருக்கும், எங்கே பாறை வழுக்கும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும். அதில் வரும் நவிரமலைதான் நீங்கள் பர்வதமலை என்று ஏறுகிற மலை.

தூரப் பயணத்தில் ஆசை உள்ளவர்களுக்கு மூன்று இடங்கள். செஞ்சிக் கோட்டை 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ராஜகிரியை வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிட வேண்டும். 1958-ல் கட்டிய சாத்தனூர் அணை குடும்பத்தோடு ஒரு நாள் போய்வரச் சரியாக இருக்கும். ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. பார்வையாளரை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள்.

சித்திரா பௌர்ணமி

அன்றைக்குக் கிரிவலத்துக்காக ஊருக்கு லட்சக்கணக்கில் ஆள் வரும். அந்த நாளில் யாரும் போரடிக்கிறது என்று சொல்ல முடியாது, ஆனால் வேடிக்கை பார்ப்பவராக இருந்தால் கூட்டம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஏதாவது ஒரு நீர்மோர்ப் பந்தலில் உங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தெருவுக்குத் தெரு பந்தல் இருக்கும், ஆள் போதாமல்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். நிற்கிறவரும் தண்ணீர் குடிக்க வேண்டும். டம்ளர் கழுவும் தண்ணீர் தனி, குடிக்கும் தண்ணீர் தனி. தொலைந்துபோன குழந்தையை யாராவது கூட்டிவந்தால் நீங்களே அழைத்துக்கொண்டு அலையாதீர்கள், பக்கத்துக் காவல் உதவி மையத்தில் ஒப்படையுங்கள். மறுநாள் காலை கிரிவலப் பாதையில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பார்த்தால் அடுத்த வேலை தானே தெரிந்துவிடும்.

வீட்டில் அனுமதி வாங்குவது

இதுவரை சொன்னதைப் படித்த பெண்பிள்ளைகளில் பலர் "எங்க வீட்டில் விடமாட்டாங்க" என்று நினைத்திருப்பீர்கள். பையன் விடியற்காலை கிளம்பினால் யாரும் கேட்பதில்லை. பெண் மாலையில் நூலகத்துக்குப் போக ஆயிரம் கேள்வி. லீவு விட்டதும் அவள் மேல் ஏறும் வீட்டு வேலையும் அதிகம். இது நியாயமில்லை என்று பெற்றோரிடம் நேராகவே சொல்கிறேன். அவளுக்கும் இதே நீளப் பகல்தான், இதே தவிப்புதான். அண்ணனும் தம்பியும் பாத்திரம் கழுவினால் அவளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

பெண்பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பொதுவாக "வெளியே போகட்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன், யார் நம்பருக்குப் போன் செய்யலாம் என்று நான்கையும் ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுங்கள். டைப்பிங் கிளாஸில் தொடங்குவது எளிது. ஒரு மணி நேரம், பகல், தெரிந்த இடம். இரண்டு வாரம் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்த பிறகு கூத்தைப் பற்றிப் பேசுங்கள். கூத்துத் திடலில் பாய் விரித்து முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என யாரையாவது கிளப்புங்கள். பாட்டிகள் பல வருடமாகப் போகாத ஏக்கத்தில் இருப்பார்கள். திரும்பி வரக் காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று முதலிலேயே கேட்டு வையுங்கள். ஒரு பாய், ஒரு போர்வை, கொசுவுக்கு வேப்பெண்ணெய், ஒரு தூக்கில் புளிசாதம், குடிக்கத் தண்ணீர். இரண்டு வீட்டார் சேர்ந்தால் ஷேர் ஆட்டோ பேசிக்கொள்ளலாம்.